தலையாட்டினால் போனில் கேட்குமா?

குட்டீஸ்! தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் இருக்கும் பொம்மைக் கடைகளில் கொஞ்ச நேரமாவது நின்றிருப்பீர்கள். எவ்வளவு சாய்த்தாலும் விழாமல் எழுந்து உட்காரும் ராஜா, ராணி. லேசாகத் தட்டினால் தலையையும் இடுப்பையும் ஆட்டும் நடனப் பெண். இது மாதிரிக் கடைகளில் பளபளவென்று பிளாஸ்டிக் போன்களும் தொங்கும். ஒரு பட்டனை அமுக்கினால் 'டிரிங்... டிரிங்...' என்று மணி அடிக்கும். இன்னொன்றை அமுக்கினால் பாட்டுப் பாடும்.

"எனக்கு அந்த போன்தான் வேணும்!" என்று உங்கள் வீட்டுச் சுட்டித் தம்பியோ தங்கையோ அடம் பிடித்திருக்கலாம். "ரெண்டே நாள்ல உடைச்சுடுவே" என்று அம்மா சொல்லியிருக்கலாம்.

அது வெறும் சத்தம் போடும் பொம்மைதானா? இல்லை குட்டீஸ். அந்தப் பொம்மையை வைத்து ஒரு பெரிய பாடம் நடத்தலாம். ஆபத்தான நேரத்தில் உயிரையே காப்பாற்றக்கூடிய பாடம்! அதை நடத்தப்போகிற வாத்தியார் யார் தெரியுமா? நீங்கள்தான்!

போனில் ஒரு தலையாட்டி பொம்மை

கும்பகோணத்திலிருந்து அம்மாச்சி பேசுகிறார். அம்மா போனைக் கொண்டுபோய் 3 வயதுத் தம்பியின் காதில் வைக்கிறார்.

"சாப்பிட்டியாடா தங்கம்?"

தம்பி 'ஆமாம்' என்று தலையாட்டுகிறான்.

"என்ன, சத்தத்தையே காணோம்? சாப்பிட்டியா?"

தம்பி இன்னும் பலமாகத் தலையாட்டுகிறான்.

"கோவமா இருக்கானோ? பேசவே மாட்டேங்கிறானே!" என்கிறார் அம்மாச்சி.

தம்பிக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் பதில் சொல்லிவிட்டான். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி அழகாகச் சொல்லிவிட்டான். என்ன செய்வது? தலையாட்டுவது போனில் கேட்காதே!

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். உலகம் முழுக்கச் சின்னக் குழந்தைகள் இப்படித்தான் செய்கிறார்கள். புதுச் சட்டையைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார்கள். 'இதோ, இது' என்று விரலை நீட்டுவார்கள். குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். 'நான் பார்ப்பதை அம்மாச்சியும் பார்க்கிறார்' என்று சின்னக் குழந்தை நினைத்துக்கொள்கிறது. 'அவருக்கு என்னைத் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும்' என்பது தானாக வரும் அறிவு இல்லை. பழகப் பழகத்தான் வரும்.

இப்போது வீடியோ கால் வந்துவிட்டது. அதில் தலையாட்டினால் அம்மாச்சிக்குத் தெரியும். சட்டையைக் காட்டினாலும் தெரியும். வீடியோ காலிலேயே வளரும் குழந்தை, முகம் தெரியாத சாதாரண போனை எடுத்தால் திருதிருவென்று விழிக்கும். அதனால் இந்தப் பாடம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

பெரியவர்களும் மாணவர்கள்தான்!

போன் பேசத் தெரியாமல் விழித்தது குழந்தைகள் மட்டும்தானா? இல்லவே இல்லை. போன் புதிதாக வந்தபோது பெரியவர்களும் விழித்தார்கள்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ம் ஆண்டு மார்ச் 7-ம் தேதி. போனை எடுத்ததும் முதலில் என்ன சொல்வது? அதிலேயே குழப்பம்! 'அஹோய்' என்று சொல்லலாம் என்றார் பெல். அது கப்பல்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல். 'ஹலோ' போதும் என்றார் தாமஸ் ஆல்வா எடிசன். யார் ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும்.

இந்தியாவில் 1882-ம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்தக் காலப் போனில் எண்களே கிடையாது. போனை எடுத்தால் நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டர் பேசுவார். யார் வேண்டும் என்று சொன்னால், அவர் கம்பியைச் செருகி இணைப்புக் கொடுப்பார்.

இதை மாற்றியவர் ஆல்மன் ஸ்ட்ரவ்ஜர் என்ற அமெரிக்கர். இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாம். 'ஆபரேட்டரே இல்லாமல் செய்கிறேன் பார்' என்று உட்கார்ந்து யோசித்தார். 1891-ல் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்! அதன் வழியில்தான் பிறகு சுற்றும் டயல் போன்கள் வந்தன. அந்த டயலில் 5-ல் விரலை விட்டுச் சுற்றினால் கம்பி வழியாக 5 மின் துடிப்புகள் போகும். 0 சுற்றினால் 10 துடிப்புகள்.

ஆபரேட்டர் செய்த வேலை இப்போது பேசுபவர் தலையில் விழுந்தது. எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரியாகச் சுற்ற வேண்டும். மணி அடிக்கிறதா, 'லைன் பிஸி'யா என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் 1920-களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம், டயலைச் சுற்றுவது எப்படி என்று பெரியவர்களுக்கே சினிமாப் படம் எடுத்துக் காட்டியது!

1950-களில் அங்கே பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு கருவி வந்தது. அதன் பெயர் 'டெலிடிரெய்னர்'. இரண்டு நிஜமான போன்கள், நடுவில் ஆசிரியர் கையில் ஒரு பெட்டி. ஆசிரியர் நினைத்தால் மணி அடிக்க வைப்பார். நினைத்தால் 'பிஸி' சத்தம் வர வைப்பார். இரண்டு மாணவர்கள் பேசுவது வகுப்புக்கே ஒலிபெருக்கியில் கேட்கும். கணக்கு, அறிவியல் மாதிரி போன் பேசுவதும் ஒரு பாடம்!

கண்ணை உருட்டும் போன்

பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளுக்கு? அவர்களுக்காக வந்ததுதான் உலகத்திலேயே பேர் பெற்ற பொம்மை போன்.

1961-ல் அமெரிக்காவின் 'ஃபிஷர் பிரைஸ்' பொம்மை நிறுவனம் அதை வெளியிட்டது. பிறகு அதற்கு 'சாட்டர் டெலிபோன்' என்று பெயர் வந்தது. 'வாயாடி போன்' என்று வைத்துக்கொள்ளுங்களேன்! சக்கரம் வைத்த போன். முன்னால் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்து இழுத்தால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடிவரும். அப்போது அதன் இரண்டு கண்களும் மேலும் கீழும் உருளும். டயலைச் சுற்றினால் மணி அடிக்கும்.

இதை உருவாக்கியவர் எர்னஸ்ட் தார்னெல். அவருடைய சின்ன மகள் விளையாடும்போது இரும்பு போன் ஒன்றை வீடெல்லாம் இழுத்துக்கொண்டே திரிவாளாம். அதைப் பார்த்துத்தான் இழுக்கும் போன் செய்யலாம் என்ற யோசனை வந்ததாம். நடை பழகும் குழந்தைக்கு இழுத்து விளையாட ஒரு வண்டி. கூடவே டயல் சுற்றப் பழக ஒரு போன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

2000-ம் ஆண்டில், 'டயல் போன் காலம் முடிந்துவிட்டதே' என்று அந்தப் பொம்மைக்குப் பட்டன் வைத்துப் பார்த்தார்கள். வாங்குபவர்களுக்குப் பிடிக்கவில்லை. சுற்றும் டயலே திரும்பி வந்தது. 2010-ல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி 3' கார்ட்டூன் படத்தில்கூட இந்த போன் நடித்திருக்கிறது. 60 வயதானதைக் கொண்டாட, 2021-ல் செல்போனோடு இணைத்து நிஜமாகவே பேசக்கூடிய ஒரு சாட்டர் போனையும் வெளியிட்டார்கள். அது பெரியவர்களுக்காம்!

டயல் போனையே பார்த்திராத குழந்தைகளுக்கு டயல் பொம்மை எதற்கு என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. எண்ணைச் சுற்றுவதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. காதில் வைத்து, எதிரே இல்லாத ஒருவரிடம் பேசுவது. அதற்கு எந்தக் காலத்துப் பொம்மையும் போதும். காசே இல்லாத பொம்மையும் போதும்!

நம்ம ஊர் தீப்பெட்டி போன்

அந்தக் காசில்லாத பொம்மை நம் தாத்தா, பாட்டிக்கெல்லாம் தெரியும். தீப்பெட்டி போன்!

செய்வது சுலபம். காலித் தீப்பெட்டியின் உள்பெட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் கப் இருந்தால் இன்னும் நல்லது. அடிப்பக்கத்தின் நடுவில் ஊசியால் சின்ன ஓட்டை போடுங்கள். 10 மீட்டர் தையல் நூலின் இரண்டு முனைகளையும் இரண்டு ஓட்டைகளில் நுழையுங்கள். நூல் உருவிக்கொண்டு வராமல் இருக்க, உள்ளே மருந்து நீக்கிய தீக்குச்சித் துண்டில் முடிச்சுப் போடுங்கள். போன் ரெடி!

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல்தான் இதற்குச் சரியான இடம். இந்த வரப்பில் ஒருவர், அந்த வரப்பில் ஒருவர். நூலை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். ஒருவர் வாயில் வைத்து மெதுவாகப் பேச, மற்றவர் காதில் வைத்துக் கேட்க வேண்டும். சாலையின் குறுக்கே மட்டும் நூல் கட்டவே கூடாது. வண்டியில் வருபவர் கழுத்தில் பட்டால் ஆபத்து.

குரல் எப்படிப் போகிறது? நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. அது பெட்டியின் அடிப்பக்கத்தை அதிர வைக்கிறது. அந்த அதிர்வு நூல் வழியாக ஓடி, அடுத்த பெட்டியை அதிர வைக்கிறது. அது அங்கே இருக்கும் காற்றை அதிர வைத்துக் காதில் விழுகிறது. நூல் தொய்ந்தால் அதிர்வு போகாது. நடுவில் யாராவது நூலைத் தொட்டாலும் 'கட்'! விறைப்பான கம்பி வழியாக ஒலி போகும் என்று ராபர்ட் ஹூக் என்ற இங்கிலாந்து அறிஞர் 1665-ல் வெளிவந்த தன் 'மைக்ரோகிராஃபியா' புத்தக முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். பெல் பிறப்பதற்கு 180 வருடங்களுக்கு முன்பு!

நிஜ போனில் குரல் அப்படியே போவதில்லை. மின்சாரமாக மாறிப் போகிறது. செல்போனில் ரேடியோ அலையாகப் போகிறது. மற்றபடி பேசும் முறை ஒன்றுதான். தீப்பெட்டி போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. ஒருவர் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் பெரியவர்கள் பலருக்கே இல்லை!

எண்கள் எங்கே போச்சு?

உங்கள் அப்பா, அம்மா படித்த காலத்தில் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் எஸ்.டி.டி. பூத் இருக்கும். ஒரு ரூபாய் நாணயம் போட்டுப் பேசும் போனும் பெட்டிக்கடை வாசலில் தொங்கும். எண்ணை நாமேதான் அமுக்க வேண்டும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கும் வீட்டு எண், மாமா வீட்டு எண், எதிர்வீட்டு எண் எல்லாம் மனப்பாடம்.

அதில் ஒரு வேடிக்கைக் கணக்கு இருக்கிறது, பாருங்கள். ஊர்க் குறியீட்டில் முதலில் வரும் 0-ஐ விட்டுவிடுங்கள். சென்னைக்கு 44. இரண்டு இலக்கம். கும்பகோணத்துக்கு 435. மூன்று இலக்கம். தஞ்சாவூருக்கு 4362. நான்கு இலக்கம். சென்னையில் வீட்டு எண் 8 இலக்கம். கும்பகோணத்தில் 7. தஞ்சாவூரில் 6. கூட்டிப் பாருங்கள். எல்லா ஊருக்கும் மொத்தம் 10! செல்போன் எண்ணும் 10 இலக்கம்தான்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995-ம் ஆண்டு ஜூலை 31-ம் தேதி நடந்தது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக பூத்துகள் மறைந்தன. எண்களை போனே நினைவில் வைத்துக்கொள்கிறது. 'அம்மா' என்று எழுதியிருப்பதை அமுக்கினால் போதும். இப்போது ஒரு சின்னப் பரீட்சை. போனைப் பார்க்காமல் உங்கள் அம்மாவின் எண்ணைச் சொல்லுங்கள். அப்பாவின் எண்ணைச் சொல்லுங்கள்.

சொல்லிவிட்டீர்களா? சபாஷ்! தெரியவில்லையா? அப்படியானால் கொஞ்சம் யோசியுங்கள். மகாமகம், தேர்த் திருவிழா மாதிரிப் பெரிய கூட்டம். தம்பியின் கை உங்கள் கையிலிருந்து நழுவிவிட்டது. ஒரு போலீஸ் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு, "அம்மா நம்பர் சொல்லு கண்ணா, கூப்பிடலாம்" என்கிறார். அவர் கையில் போன் இருக்கிறது. தம்பியிடம் எண் இல்லை. என்ன பயன்?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நம் டெல்டாவைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கிறதா? வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. கையில் போன் இருந்தும் சார்ஜ் இல்லை. சார்ஜ் போய்விட்டால் போனில் பதிந்து வைத்த எண்களையும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் வேறொருவர் போன் கிடைத்தாலும், தலைக்குள் எண் இருப்பவர்தான் பேச முடியும்.

தகிட தகிட தகதிமி

10 இலக்கத்தை ஒரு 4 வயதுக் குழந்தை எப்படி மனப்பாடம் செய்யும்? அதற்கு நம்ம ஊரிலேயே வழி இருக்கிறது. திருவையாற்று மண்ணில் மிருதங்கம் கேட்காத காது உண்டா?

'தகிட' என்றால் 3 தட்டு. 'தகதிமி' என்றால் 4 தட்டு. தகிட, தகிட, தகதிமி. 3-ம் 3-ம் 4-ம் எவ்வளவு? 10! கையால் தொடையில் தட்டிக்கொண்டே ஒரு தட்டுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். 1-2-3, 4-5-6, 7-8-9-0 என்று முதலில் பழகுங்கள். பிறகு அந்த இடத்தில் அம்மாவின் எண்ணைப் போடுங்கள். தினம் குளிக்கும்போது ஒரு தடவை, சாப்பிடும் முன் ஒரு தடவை. ஒரே வாரத்தில் வாண்டு ஒப்பிக்காவிட்டால் பாருங்கள்! நீளமான எண்ணை இப்படிச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்தால் மூளைக்குப் பிடித்துக்கொள்வது சுலபம்.

அட்டை போன் வகுப்பு

இனி வாத்தியார் தயாரா? ஒரு காலி அட்டைப்பெட்டியை போன் அளவுக்கு வெட்டுங்கள். மேல் வரிசையில் 1, 2, 3. அடுத்து 4, 5, 6. அடுத்து 7, 8, 9. கீழே நடுவில் 0. பச்சைப் பொட்டு ஒன்று, சிவப்புப் பொட்டு ஒன்று. 5-ன் மேல் ஒரு சொட்டுப் பசை விட்டுக் காய வையுங்கள். பட்டன் போன்களில் 5-ல் ஒரு சின்ன மேடு இருப்பதைத் தடவிப் பாருங்கள். கண் தெரியாதவர்களும் இருட்டில் இருப்பவர்களும் அதை வைத்துத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. போனில் மட்டும் ஏன் 1, 2, 3? 1960 வாக்கில் அமெரிக்காவின் 'பெல் ஆய்வுக்கூடம்' எண்களைப் பலவிதமாக அடுக்கி, ஆட்களை அமுக்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தது. அதன் பிறகுதான் இந்த அடுக்கு வந்தது.

இப்போது பாடங்கள்.

பாடம் 1: முதுகோடு முதுகு. நீங்களும் தம்பியும் முதுகைக் காட்டி உட்காருங்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அவன் தலையாட்டினால் உங்களுக்குத் தெரியாது. "எனக்குக் கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். வாயைத் திறந்து "சாப்பிட்டேன்" என்று சொல்லும் வரை விடாதீர்கள்.

பாடம் 2: சொல்லி வரை. ஒருவர் பேப்பரில் ஒரு வீடு, மரம், மாடு வரைய வேண்டும். பிறகு அதைப் போனில் சொல்ல வேண்டும். மற்றவர் பார்க்காமலே வரைய வேண்டும். 'இங்கே', 'அதோ' என்ற வார்த்தைகளுக்குத் தடை. 'வீட்டுக்கு இடது பக்கம்' என்றுதான் சொல்லலாம். இது பெரிய பிள்ளைகளுக்கும் சிரமமான விளையாட்டு!

பாடம் 3: பேரைச் சொல். "ஹலோ, வணக்கம். நான் இன்னார் பேசுறேன். அப்பாயி இருக்காங்களா?" இந்த மூன்றும் வரிசையாக வர வேண்டும். ஆனால், தெரியாத ஆள் போன் செய்து "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. "அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று கொடுத்துவிட வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் மூச்சு விடக் கூடாது.

பாடம் 4: வயலிலிருந்து ஒரு போன். நீங்கள் விவசாயி. தம்பி வேளாண் அதிகாரி. "பயிர் மஞ்சளாயிடுச்சு" என்று மட்டும் சொன்னால் அதிகாரி என்ன செய்வார்? எந்த ஊர்? குறுவையா, சம்பாவா? என்ன ரகம்? நட்டு எத்தனை நாள்? நுனி மஞ்சளா, இலை முழுக்கவா? எல்லாம் சொன்னால்தான் பதில் கிடைக்கும். இப்படிக் கேட்க நிஜமாகவே ஒரு எண் இருக்கிறது. விவசாயிகளுக்கான அழைப்பு மையம், 1800-180-1551. 2004-ம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தாத்தாவுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

பாடம் 5: ஆபத்தில் என்ன சொல்வது? மூன்றே விஷயம். எங்கே? என்ன நடந்தது? யாருக்கு? அதன் பிறகு, எதிரே இருப்பவர் 'வைக்கலாம்' என்று சொல்லும் வரை போனை வைக்கக் கூடாது. 'எங்கே' என்பதுதான் முதலில் வர வேண்டும். நடுவில் போன் கட்டாகிவிட்டாலும் உதவி எங்கே வர வேண்டும் என்று தெரிந்துவிடும். அதனால் ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பள்ளிக்கூடம் எல்லாம் வாண்டுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இந்த எண்களையும் சொல்லிக் கொடுங்கள். எந்த அவசரத்துக்கும் 112. ஆம்புலன்சுக்கு 108. குழந்தைகளுக்கு எந்தக் கஷ்டம் என்றாலும் 1098. இந்தக் குழந்தைகள் உதவி எண் 1996-ம் ஆண்டு மும்பையில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவியது. காணாமல் போன குழந்தையும் பேசலாம். யாராவது அடிக்கிறார்கள், வேலைக்கு அனுப்புகிறார்கள், பயமுறுத்துகிறார்கள் என்றாலும் பேசலாம். இந்த எண்களை விளையாட்டுக்கு அட்டை போனில் மட்டும்தான் அமுக்க வேண்டும். நிஜ போனில் விளையாட்டாக அழைத்தால், அதே நேரத்தில் நிஜமாக ஆபத்தில் இருக்கும் ஒருவருக்கு லைன் கிடைக்காமல் போகலாம்.

ஊரைக் காத்த ஒரு போன்

ஒரே ஒரு போன் என்ன செய்துவிடும் என்று நினைக்கிறீர்களா? 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தது. நம் டெல்டாவின் கடைசி ஊரான நாகப்பட்டினம்தான் தமிழ்நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டம். அதே கடற்கரையில் வடக்கே, புதுச்சேரியில் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமிச் செய்தியை டி.வி.யில் பார்த்ததும் அவருக்கு ஊர் நினைவு வந்தது. உடனே வீட்டுக்குப் போன் பேசினார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று தெரிந்ததும், 'எல்லாரும் வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்' என்றார்.

அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. கடல் அலை எவ்வளவு உயரம் என்று மீனவர்களுக்குச் சொல்ல அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அங்கே ஓடி, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஊரே மேட்டுப் பக்கம் ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின. ஆயிரக்கணக்கான மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

அந்த மனிதர் நீளமாகப் பேசவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம், என்ன செய்ய வேண்டுமோ அதைத் தெளிவாகச் சொன்னார். கேட்டவர்களும் புரிந்துகொண்டு உடனே செய்தார்கள். நாம் மேலே பார்த்த பாடங்கள் எல்லாம் இதற்காகத்தான்.

கடையில் வாங்கும்போது...

பிளாஸ்டிக் போன்தான் வேண்டும் என்று வாண்டு அழுதால் வாங்கலாம். ஆனால் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதியிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

இரண்டு, பேட்டரி மூடி. பாட்டுப் பாடும் போன்களில் பெரும்பாலும் பட்டன் மாதிரிச் சின்ன பேட்டரி இருக்கும். மூடிக்குத் திருகாணி இருக்க வேண்டும். சின்னக் குழந்தை அந்த பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். சந்தேகம் வந்தால்கூட உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூன்று, பழைய நிஜ செல்போனை விளையாடக் கொடுக்க வேண்டாம். அதன் பேட்டரி உப்பினாலோ உடைந்தாலோ தீப்பிடிக்கலாம்.

இந்த வம்பெல்லாம் இல்லாதது உங்கள் அட்டை போன்தான். அதற்குச் சார்ஜும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்!

அடுத்த தடவை அம்மாச்சி போன் செய்யும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். "சாப்பிட்டியாடா தங்கம்?" என்பார். தம்பி வழக்கம்போலத் தலையை ஆட்டத் தொடங்குவான். சட்டென்று நிறுத்துவான். உங்களை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். பிறகு சத்தமாக, "சாப்பிட்டேன் அம்மாச்சி! நீங்க சாப்ட்டீங்களா?" என்பான்.

அப்போது கும்பகோணத்தில் அம்மாச்சி சிரிக்கிற சிரிப்பு உங்களுக்கும் கேட்கும். அதுதான் வாத்தியாருக்குச் சம்பளம்!